அறுவைச் சிகிச்சைக்குப் பின் வரும் நோவு

கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் முதலிய கடலோர ஊர்களில் வாழும் நம் மக்களுள் பலர், பெரிய அறுவைச் சிகிச்சை என்றதும் செங்கற்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை நாடுகின்றனர். அவர்களுள் இரு சாராரை நாம் காண்கிறோம். மயக்க மருந்து கொடுத்துவிட்டால் நோவே இராது என நம்புவோர் ஒரு சாரார். தாங்கொணா வேதனை வரும் என்றஞ்சி, நாளைத் தள்ளிப்போட்டு நோயை முற்றவிடுவோர் மறு சாரார். இவ்விரு எண்ணங்களும் தீங்கு பயப்பனவே.

உண்மை யாது? மயக்கம் தெளிந்ததும் நோவு வரும். முதல் இரண்டு மூன்று நாட்கள் அது மிகுதியாக இருக்கும். இருமும்போதும் எழும்போதும் கூடும். பின்னர் நாளுக்கு நாள் தணியும். இதனை முன்னரே அறிந்தவர் கலங்குவதில்லை. அறியாதவரோ, "ஏதோ கெட்டுவிட்டது" என்று அஞ்சி உடலை இறுக்கிக்கொள்கிறார். இறுக இறுக நோவும் மிகுகிறது.

1846 அக்டோபர் 16 அன்று ஈதர் மயக்கத்தின் பயனை உலகறியச் செய்தது பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை. அங்கேயே எக்பர்ட் என்னும் மயக்க மருந்து மருத்துவரும் அவர்தம் துணைவரும் 97 நோயாளிகளை ஆராய்ந்து, 1964-இல் முடிவை வெளியிட்டனர். ஒரு பிரிவினருக்கு மட்டும், எங்கே வலிக்கும், எத்தனை நாள் வலிக்கும், எவ்வாறு மூச்சு விடுவது, எவ்வாறு புரள்வது என்பவற்றை எடுத்துரைத்தனர். அவர்களுக்கு வலி மருந்து ஏறத்தாழப் பாதியளவே தேவைப்பட்டது, சராசரியாக 2.7 நாட்கள் முன்னதாகவே வீடு திரும்பினர். பிற்கால ஆய்வுகள் அனைத்திலும் இத்துணைப் பெரும் பயன் தென்படவில்லை எனினும், முன்கூட்டிச் சொல்லும் வழக்கத்தை மருத்துவ உலகம் கைவிடவில்லை.

நோவை மறைப்பதும் தவறே. வலைஞர் கை வலிக்கு அஞ்சாது என்ற பெருமை கட்டிலில் உதவாது. வலிக்கு அஞ்சி இருமாதிருந்தால் நுரையீரலில் சளி தேங்கும். நடவாதிருந்தால் கால் சிரையில் இரத்தம் உறையக்கூடும். எனவே மருந்து கேட்பது கோழைத்தனமன்று. மருத்துவர் மேற்பார்வையில் சில நாட்கள் மட்டும் தரப்படும் மார்பின் போன்றவை பெரும்பாலோரை அடிமைப்படுத்துவதில்லை.

"ஆண்டவர் தந்த சிலுவை, மருந்து வேண்டாம்" என்பாரும் நம்மிடையே உண்டு. பாப்பரசர் 12-ஆம் பத்திநாதர் 1957 பிப்ரவரி 24 அன்று மயக்க மருந்து மருத்துவர்களுக்கு ஆற்றிய உரையில், நோவைத் தணிக்கும் மருந்தை ஏற்பது கிறிஸ்தவருக்குத் தகும் எனத் தெளிவுறுத்தினார்.

ஆகவே, குடும்பத்தாரே, "எறும்பு கடித்தாற்போல் இருக்கும்" என்று பொய் தேறுதல் கூறாதீர்கள். எவ்வளவு வலிக்கும், என்ன மருந்து தருவார்கள், எப்போது நடக்கலாம் என்று மருத்துவரிடம் நோயாளியின் முன்னிலையிலேயே கேளுங்கள். இருமும்போது தையலின்மேல் தலையணையை அணைத்துக்கொள்ளப் பழக்குங்கள். வலியைப் பூச்சியம் முதல் 10 வரையிலான எண்ணால் செவிலியரிடம் சொல்லச் செய்யுங்கள். தணிய வேண்டிய நோவு மிகுந்தாலோ, காய்ச்சல், கெண்டைக்கால் வீக்கம், மூச்சுத் திணறல் தோன்றினாலோ உடனே தெரிவியுங்கள். வரப்போவது இன்னதென்று அறிந்து செல்பவருக்குப் பாதி அச்சம் வாசலிலேயே நீங்கிவிடும்.