சொட்டு மருந்தில் சேர்ந்திருக்கும் இன்னொரு மருந்து

என் தாயார் வண்டிப்பெரியாறில் தேயிலைத் தோட்ட வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கண் நீர் அழுத்த நோய்க்காகக் காலையும் மாலையும் சொட்டு மருந்து விட்டு வந்தார். சில மாதங்களில் கண்கள் சிவந்தன; மணல் விழுந்ததுபோல் உறுத்தின; இமையோரத் தோல் உரிந்தது. "மருந்தே வேண்டாம், நந்தியாவட்டைப் பூ போதும்" என்று அடம்பிடித்தார். இந்த நோயில் போன பார்வை திரும்பாது என்பதால் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

குமுளி, கம்பம் வழியாகத் தேனிக்கு அழைத்துச் சென்றேன். மருத்துவர் மருந்துப் பெட்டியைப் படித்துவிட்டு, "மருந்து கெடாமலிருக்கச் சேர்த்த பொருள் ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம்" என்றார். அதன் பெயர் பென்சல்கோனியம் குளோரைடு. வீடு திரும்பிப் பார்த்தால், அம்மா வெறுங்கையால் தரை துடைக்கும் கிருமிநாசினிப் புட்டியிலும் அதே பெயர்!

இதன் கிருமி கொல்லும் ஆற்றலை 1935-இல் வெளியிட்டவர் ஜெர்மானிய அறிஞர் கெர்ஹார்ட் டோமாக். இது கிருமியின் மேலுறையை உடைக்கிறது. சொட்டு மருந்தில் 100 மில்லிலிட்டருக்குப் பெரும்பாலும் 4 முதல் 20 மில்லிகிராம்தான் இருக்கும். ஆனால் சோப்பைப் போன்ற இதன் குணம் கண்ணீரின் எண்ணெய்ப் படலத்தையும் கலைத்துவிடுகிறது. பல வேளை, பல ஆண்டுகள் விடுவோருக்குக் கண் உலர்ந்து எரியலாம். சிலருக்கு ஒவ்வாமையாகவும் மாறும். எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை.

அப்படியானால் இது சேராத மருந்தே நல்லதா? அவசரப்படக் கூடாது. 2023-இல் சென்னையின் குளோபல் பார்மா நிறுவனம் தயாரித்த செயற்கைக் கண்ணீர் அமெரிக்காவில் திரும்பப் பெறப்பட்டது. கிருமித் தொற்றால் 81 பேர் பாதிக்கப்பட்டனர். 4 பேர் இறந்தனர். 14 பேர் பார்வை இழந்தனர். பலமுறை திறந்து மூடும் புட்டியில் போதிய பாதுகாப்புப் பொருள் இல்லை என்பது அந்நாட்டு மருந்துத் துறை கூறிய குறைகளுள் ஒன்று. ஆகவே பாதுகாப்புப் பொருள் எதுவுமே சேராத மருந்து, ஒருவேளைக்கு மட்டுமான சிறு குப்பியிலோ, கிருமி உள்ளே புகாத தனி அமைப்புள்ள புட்டியிலோதான் இருக்க வேண்டும். ஒருவேளைக் குப்பியில் மிஞ்சியதை மறுநாளுக்கு வைக்காதீர்கள்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோவைக்கோ, மூணாறிலிருந்து தேனிக்கோ மருத்துவரைக் காணச் செல்லும் நம்மவர்கள் மருந்துப் பெட்டியையும் கையோடு கொண்டு செல்லுங்கள். எரிச்சல் கண்டால் நீங்களாக மருந்தை நிறுத்தாதீர்கள். மாற்று மருந்து கேளுங்கள். மென்மையான காண்டாக்ட் லென்ஸ் இப்பொருளை உறிஞ்சும்; மருந்து விடுமுன் அதைக் கழற்றி, கால்மணி நேரம் கழித்தே மாட்டுங்கள். கிருமிநாசினியைக் குறித்த அளவு நீரில் கலந்து, கையுறையோடு பயன்படுத்துங்கள். கை கழுவாமல் கண்ணைத் தொடாதீர்கள்.

அம்மாவுக்கு மருந்தை மாற்றிய பின் உறுத்தல் படிப்படியாகக் குறைந்தது. இப்போது வேளை தவறாமல் அவரே விட்டுக்கொள்கிறார்.