புற்றரைக்கு மீண்டவர்

முள்ளந்தண்டிற் கத்தி பட்டால் பின்னர்ப் பாயே கதி என்று அஞ்சுவோர் நம்மிற் பலர். அவர்கள் அமெரிக்கக் கோல்ப் வீரர் டைகர் வூட்ஸின் கதையைக் கேட்க வேண்டும். மூன்று சத்திர சிகிச்சைகளுக்குப் பின்னும் அவருக்கு முதுகு நோவு தணியவில்லை. நடப்பதும் உட்காருவதுமே வேதனையாயின. 2017 ஏப்ரலில், நான்காம் முறையாக, வைத்தியர்கள் வயிற்றுப் பக்கமாகச் சென்று, கீழ்முதுகில் நைந்த வட்டை அகற்றி, அதன் மேலும் கீழுமுள்ள எலும்புகள் ஒன்றாய்ப் பொருந்தி வளர வழிசெய்தனர்.

எலும்பு பொருந்த மாதங்கள் செல்லும். உலகை வென்றவர் அதுவரை பொறுத்திருந்தார். வைத்தியர் இசைந்த பின்னரே பந்தைச் சிறிது தூரம் தட்டினார். வெற்றியினும் இப்பொறுமையே எனக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது. (2024 இல் மறுபடியும் முதுகிற் சிகிச்சை வேண்டியிருந்தது; அதையும் மறைத்தலாகாது.)

2019 ஏப்ரலில், 43 வயதில், மாஸ்டர்ஸ் போட்டியில் ஐந்தாம் முறையாக வென்றார். 1997 இல் தந்தை தம்மைத் தழுவிய அந்தப் பதினெட்டாம் புற்றரையருகே, தம் மகனை வாரி அணைத்துக்கொண்டார்.