எழுதுவதற்கும் பாஸ் வேண்டுமா?

பெற்றோல், சீமெந்து, யூரியா, பட்டரி என்று தடை செய்யப்பட்ட பொருட்களின் பட்டியல் ஒருகாலத்தில் எங்களுக்கு மனப்பாடம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள் நாங்கள். ஆகவே, ஒரு கணித மாணவன் எழுதிய சில பக்கங்களை அமெரிக்க அரசாங்கம் ஆயுதப் பட்டியலில் சேர்த்திருந்தது என்று வாசித்தபோது எனக்குப் பெரிய ஆச்சரியம் வரவில்லை. அந்தப் பட்டியலை எதிர்த்து வழக்காடியது ஒரு பெண் சட்டத்தரணி என்பதுதான் என்னைத் தேடி வாசிக்க வைத்தது.

அவர் பெயர் சின்டி கோன். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவர். ஜெனீவாவில் ஐ.நா.வின் மனித உரிமைகள் நிலையத்தில் சில காலம் பணியாற்றிவிட்டு, கலிபோர்னியாவில் ஒரு சிறிய சட்ட நிறுவனத்தில் வழக்குகள் பார்த்து வந்தார். கணனி அவருடைய துறை அல்ல.

பேர்க்லியில் ஆய்வு மாணவராக இருந்த டானியல் பேர்ன்ஸ்டைன், செய்திகளைப் பூட்டி அனுப்பும் முறையொன்றைக் கண்டுபிடித்திருந்தார். பூட்டுவது என்றால் வேறொன்றுமில்லை. அனுப்புபவரும் பெறுபவரும் மாத்திரம் வாசிக்கக்கூடியதாகவும், இடையில் எடுத்துப் பார்ப்பவருக்கு வெறும் கிறுக்கலாகத் தெரியக்கூடியதாகவும் எழுத்துக்களை மாற்றுவது. செஞ்சிலுவைச் சங்கத்தினூடாகக் கடிதம் அனுப்பிய சகோதரிகளுக்கு இதன் அருமை விளங்கும். அந்தக் கடிதங்கள் திறந்தபடியேதான் போய்வரும். மற்றவர்களும் வாசிப்பார்கள் என்று தெரிந்துகொண்டே, சொல்ல வேண்டியதை விழுங்கிவிட்டு ‘நாங்கள் சுகம்’ என்று எழுதி முடித்தோம்.

தன் கண்டுபிடிப்பை வெளியிட பேர்ன்ஸ்டைன் விரும்பினார். அமெரிக்க இராஜாங்கத் திணைக்களம் மறித்தது. அந்நாளில் இவ்வாறான பூட்டு முறைகள் போர்த் தளபாடங்களுடன் ஒன்றாகவே வகைப்படுத்தப்பட்டிருந்தன. வெளியிடுவதென்றால் ஆயுதம் ஏற்றுமதி செய்பவரைப் போல அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். இன்னொரு வழக்கில் நடந்ததைக் கேட்டால் சிரிப்பு வரும். பூட்டு முறைகள் பற்றிய ஒரு புத்தகத்தை வெளிநாட்டுக்கு அனுப்பத் தடையில்லை என்றார்கள். அதே புத்தகத்தில் அச்சிட்டிருந்த வரிகளை ஒரு கணனித் தட்டில் பதிந்து அனுப்பத் தடை என்றார்கள்! சோதனைச்சாவடிகளில் நின்று பழகியவர்களுக்கு இந்த நியாயம் புதிதல்ல.

1995ஆம் ஆண்டு வழக்குத் தாக்கல் செய்யப்பட்டது. சின்டி கோன் பிரதான சட்டத்தரணி. அவர் கணனி நிபுணராக மாறிவிடவில்லை. தெரிந்தவர்களிடம் கேட்டு விளங்கிக்கொண்டு, அதை நீதிபதிக்கு விளங்கும் பாஷையில் சொன்னார். அவருடைய வாதம் எளிமையானது. கணனிக்கு எழுதுவதும் ஒரு மொழியில் எழுதுவதுதான். இசைக்குச் சுரக்குறிப்பு, கணக்குக்குச் சமன்பாடு போல இதுவும் ஒரு மொழி. மொழியென்றால் அமெரிக்க அரசியலமைப்பின் முதலாவது திருத்தம் அதற்குப் பாதுகாப்புக் கொடுக்கிறது. எழுதுவதற்கு முன்னரே அதிகாரியிடம் அனுமதி கேள் என்று அரசாங்கம் சொல்ல முடியாது.

வழக்கை விசாரித்தவர் மெரிலின் ஹோல் பட்டேல் என்ற பெண் நீதிபதி. இவரைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் சுமார் 120,000 ஜப்பானிய வம்சாவளியினரை வீடு வாசல்களிலிருந்து எடுத்து முகாம்களில் அடைத்தார்கள். போக மறுத்த பிரெட் கொரெமட்சு குற்றவாளியாக்கப்பட்டார். 1944இல் அமெரிக்க உயர் நீதிமன்றமும் அந்தத் தீர்ப்பைச் சரியென்றது. ஏறக்குறைய நாற்பது வருடங்களுக்குப் பின், 1983இல், அந்தக் குற்றத்தீர்ப்பை இல்லாமல் செய்தவர் இதே பட்டேல் அம்மையார்தான். முள்கம்பிக்குப் பின்னால் இருந்தவர்களுக்கு இது சிறிய செய்தி அல்ல.

1996இல் பட்டேல், கணனி மொழியும் பேச்சே என்று தீர்ப்பளித்தார். அரசாங்கம் மேன்முறையீடு செய்தது. 1999 மே மாதம் ஒன்பதாவது சுற்று மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகளில் இருவர் சின்டி கோனின் பக்கம் நின்றனர். தீர்ப்பை எழுதியவர் பெற்றி பிளெச்சர், அவரும் ஒரு பெண். அனுமதி கேட்டால் எத்தனை நாளில் பதில் தரவேண்டும் என்ற எல்லை இல்லை, மறுத்தால் நீதிமன்றம் போக வழி இல்லை, எல்லாம் அதிகாரியின் விருப்பம் என்பதே அந்த முறையின் பெருங்குறையாகத் தீர்ப்பில் காட்டப்பட்டது. வன்னியில் பாஸுக்காகக் காத்திருந்தவர்கள் இதே குறையைச் சட்டம் படிக்காமலே அறிந்திருந்தோம். பின்னர் கூடிய நீதிபதிகள் கொண்ட குழு மீண்டும் விசாரிப்பதற்காக அந்தத் தீர்ப்பு விலக்கப்பட்டது. ஆனால் அதற்குள், 2000 ஜனவரியில், அரசாங்கமே விதிகளைத் தளர்த்திவிட்டது.

அதே ஆண்டு அவர் இலத்திரனியல் எல்லை மன்றம் என்ற உரிமை அமைப்பில் சட்டப் பணிப்பாளரானார். 2015இல் அதன் நிறைவேற்றுப் பணிப்பாளரானார். என்றாலும் அவருடைய வெற்றியைவிடத் தோல்வியே என்னை அதிகம் யோசிக்க வைத்தது. 2006இல் மார்க் கிளைன் என்ற ஓய்வுபெற்ற தொலைபேசித் தொழில்நுட்பவியலாளர் அந்த அமைப்பின் அலுவலகத்துக்கு ஆவணங்களுடன் வந்தார். சான் பிரான்சிஸ்கோவில் தாம் வேலை செய்த கட்டடத்தில் ஓர் இரகசிய அறை இருப்பதாகவும், மக்களின் இணையத் தொடர்புகள் பிரதி எடுக்கப்பட்டு அங்கே போவதாகவும் கூறினார். தொலைபேசி நிறுவனத்துக்கு எதிரான வழக்கு நடந்துகொண்டிருக்கையில், 2008இல் பாராளுமன்றம் புதுச்சட்டம் இயற்றி நிறுவனங்களைக் காப்பாற்றியது. உடனே அரசாங்கத்துக்கு எதிராக ஜுவல் வழக்கு தொடரப்பட்டது. 2022 வரை, பதினான்கு வருடங்கள் இழுபட்டது. உங்களை ஒட்டுக் கேட்டதை நீங்கள் நிரூபியுங்கள் என்றார்கள். நிரூபிக்கத் தேவையான ஆவணமோ அரச இரகசியம் என்றார்கள். கடைசியில் உயர் நீதிமன்றம் அதை எடுக்கவே மறுத்துவிட்டது. ஆட்கொணர்வு மனுப் போட்டுவிட்டு வருடக்கணக்காக நீதிமன்றப் படியேறிய தாய்மாருக்கு இந்த வட்டத்தை நான் விளக்கத் தேவையில்லை. ஆனாலும் அந்த வருடங்களில் மறைந்திருந்த பல விடயங்கள் வெளியே வந்தன. 2013இல் எட்வர்ட் ஸ்னோடன் வெளிப்படுத்தியவற்றின் பின், தொலைபேசிப் பதிவுகளை மொத்தமாக அள்ளும் முறையை 2015இல் ஒரு சட்டம் நிறுத்தியது.

எமது அரசியலமைப்பிலும் 14ஆம் உறுப்புரை பேச்சுக்கும் வெளியீட்டுக்கும் சுதந்திரம் தருகிறது. அரச அதிகாரிகள் அதை மீறினால் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றம் போகலாம். ஆனால் ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். நாளை, மறுநாள் என்று தள்ளிப்போடுவதற்கில்லை.

இதையெல்லாம் எங்கள் தையல் நிலையத்தில் சொல்லிக்கொண்டிருந்தபோது ஓர் அம்மா கேட்டார்: “பிள்ளை, நான் வட்ஸ்அப்பிலை மகனோடை கதைக்கிறதை ஆரும் கேப்பினமோ?” மகன் கனடாவில்.

“இல்லையம்மா, கதைக்கிறது பூட்டித்தான் போகுது. இடையிலை நிண்டு ஒருத்தரும் கேக்கேலாது. ஆனா நீங்கள் ஆரோடை, எப்ப கதைச்சனீங்கள் எண்டது நிறுவனத்துக்குத் தெரியும். போனைக் கையிலை வாங்கினா எல்லாத்தையும் பாக்கலாம். அதுக்கு நீங்கள்தான் இலக்கம் போட்டுப் பூட்டி வைக்க வேணும்.”

அம்மா தன் கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினார். இலக்கம் போடுவது எப்படியென்று காட்டினேன். பேத்தி பிறந்த வருடத்தை வைக்கப் பார்த்தார். அதை ஊரே அறியும், வேறொன்றை யோசியுங்கள் என்றேன்.