பழைய ஜீப்பின் கியர் பெட்டியைக் காப்பாற்றும் ஒரு முழம் கட்டுக்கம்பி!

கோவைப் பட்டறைகளில் இன்றும் நடக்கும் 'பிரிவினை' வேலை

பழைய ஜீப்புகள் கோவைக்கு வருவது இன்னும் நின்றபாடில்லை.

வால்பாறை எஸ்டேட்டில் உழைத்தது, ஆனைமலைத் தோப்பில் தேங்காய் சுமந்தது, திம்பம் மலையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் மூச்சு வாங்கி ஏறியது என்று எதுவாக இருந்தாலும், பெரிய கோளாறு என்றால் கோவைப் பட்டறை வாசலுக்குத்தான் வந்தாக வேண்டும்.

வந்து இறங்கும் ஜீப்காரர் சொல்வது ஏறக்குறைய ஒரே பாட்டுத்தான்.

"ஏனுங்கண்ணா, ரெண்டாம் கியரு நிக்கவே மாட்டேங்குதுங்க. எறக்கத்துல துள்ளி வெளிய வந்துருது. அடியில ஆயிலு வேற ஒழுகுதுங்க."

மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்ப்பார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டே அவர் சொல்வதும் ஒன்றேதான். "பொட்டியப் பிரிச்சாத்தானுங்க தெரியும்."

அங்கேதான் வம்பு தொடங்குகிறது. பிரிக்கத் தெரியாதவர் கை வைத்தால், ஒரு கோளாறோடு வந்த வண்டி நாலு கோளாறோடு நிற்கும்.

பாகிஸ்தான் கவர்னர் ஜெனரல் கூட்டாளி!

இந்த ஜீப்பின் பூர்வீகம் அமெரிக்கா. இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பின் வாரிசு.

ஜே.சி.மகிந்திரா, கே.சி.மகிந்திரா என்ற சகோதரர்கள் 1945-ல் குலாம் முகமது என்பவரோடு கூட்டுச் சேர்ந்து பம்பாயில் கம்பெனி தொடங்கினார்கள். 1947-ல் ஜீப் தொழிலில் இறங்கினார்கள். நாடு பிரிந்தது. குலாம் முகமது பாகிஸ்தான் போய் அங்கே முதல் நிதி மந்திரியானார், பிறகு கவர்னர் ஜெனரலும் ஆனார். 1948-ல் கம்பெனியின் பெயர் 'மகிந்திரா அண்டு மகிந்திரா' என்று மாறியது. கம்பெனியே ஒரு பிரிவினையைப் பார்த்ததுதான்!

நம் ஊர்க்காரர்கள் நன்கு அறிந்த, மூக்கு உயர்ந்த ஜீப் 'சி.ஜே.3பி'. அமெரிக்காவில் 1953-ல் வந்து 1968-ல் நின்றுபோனது. இந்தியாவில் அதற்குப் பிறகும் பல ஆண்டு ஓடியது. இஞ்சின் உயரமாகிவிட்டதால் பானெட்டையும் தூக்க வேண்டி வந்தது. அதுதான் அந்த உயர்ந்த மூக்கின் ரகசியம்.

ரெண்டு பெட்டி, ஒரே ஷாப்ட்

காரில் ஒரு கியர் பெட்டி இருக்கும். ஜீப்பில் ரெண்டு.

முதல் பெட்டி சாதாரண கியர் பெட்டி. முன்னால் போக 3, பின்னால் போக 1. அதன் முதுகில் ஒட்டியிருப்பது 'டிரான்ஸ்பர் கேஸ்'. இஞ்சின் சக்தியை முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பங்கு போட்டுக் கொடுப்பது இதன் வேலை. கியர் கம்பிக்குப் பக்கத்தில் நிற்கும் ரெண்டு குட்டிக் கம்பிகள் இதற்குத்தான். ஒன்று முன் சக்கரத்தைச் சேர்க்கும். இன்னொன்று 'லோ' போடும். 'லோ' போட்டால் வேகம் குறையும், இழுவை ஏறக்குறைய ரெண்டரை மடங்காகும்.

கியர் பெட்டியின் மெயின் ஷாப்ட் சொந்த வீட்டோடு நிற்பதில்லை. பின்சுவரைத் தாண்டி டிரான்ஸ்பர் கேசுக்குள்ளே தலையை நீட்டிக்கொண்டிருக்கும், மாமியார் வீட்டுக்குள் நுழைந்த மாப்பிள்ளை மாதிரி. அந்த நுனியில் ஒரு பல்சக்கரம் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். அதை ஒரு நட் பிடித்திருக்கும். நட் கழலாமல் ஒரு காட்டர் பின் காவல் நிற்கும்.

வெளியே தெரியும் 5 போல்ட்டைக் கழற்றிவிட்டு 'வா' என்று இழுத்தால் டிரான்ஸ்பர் கேஸ் வராது. உள்ளே இருக்கும் நட்டைத் தெரியாத புது ஆட்கள் அங்கேதான் சுத்தியலைத் தூக்குகிறார்கள். பெட்டியின் காது உடைந்தால் யார் பொறுப்பு?

இழுத்தால் என்ன ஆகும்?

நட்டைக் கழற்றிய பிறகும் ஆபத்து போகவில்லை. பல்சக்கரம் பல வருஷமாக ஷாப்ட்டைக் கவ்விப் பிடித்திருக்கும். டிரான்ஸ்பர் கேசை இழுத்தால் பல்சக்கரம் வரும். அதோடு சேர்ந்து ஷாப்ட்டும் வரும்!

மெயின் ஷாப்ட் நகர்ந்தால் கியர் பெட்டிக்குள் இருக்கும் குடும்பமே கலையும். முன் நுனியைத் தாங்கும் பொடி உருளைகள் உதிர்ந்து பெட்டியின் அடியில் விழும். கியர்கள் இடம் மாறும். டிரான்ஸ்பர் கேசை மட்டும் பார்க்க வந்தவர் இப்போது கியர் பெட்டியையும் முழுசாக அவிழ்த்தாக வேண்டும். ஜீப்காரரின் பர்சும் சேர்ந்து அவிழும்.

இதற்குக் கம்பெனியின் பழைய கையேட்டிலேயே ஒரு வைத்தியம் சொல்லியிருக்கிறது. பெரிய கருவி எதுவும் கிடையாது. கம்பி!

கியர் பெட்டியின் மேல் மூடியைக் கழற்ற வேண்டும். கம்பியை உள்ளே விட்டு, மெயின் ஷாப்ட்டில் ரெண்டாம் கியருக்குப் பின்பக்கமாக ஒரு சுற்றுப் போட வேண்டும். முறுக்கி, ஒரு முனையை மூடியின் வலது முன் திருகிலும், மறு முனையை இடது முன் திருகிலும் மாட்டி இழுத்துக் கட்ட வேண்டும். அவ்வளவுதான். இனி ஷாப்ட் பின்னால் நகராது. கட்டடக்காரர்கள் கம்பி கட்டும் அதே கட்டுக்கம்பி போதும்.

கம்பி கட்டியாச்சு. 5 போல்ட்டையும் கழற்றியாச்சு. இப்போது ஷாப்ட்டின் நுனியில் மெல்லத் தட்ட வேண்டும். ஓங்கி அடிக்கக் கூடாது. இரும்புச் சுத்தியல் நேரே பட்டால் மரை கெடும், நடுவில் பித்தளைத் துண்டு வைப்பதே நல்லது. பல்சக்கரம் பிடியை விட்டதும் ரெண்டு பெட்டியும் தனித்தனியாகும். நடுவில் இருக்கும் பேரிங் டிரான்ஸ்பர் கேசை விட்டு நழுவி, கியர் பெட்டியோடு தங்க வேண்டும். அப்படித் தங்கினால் வேலை சுத்தம்.

ஜாக்கிக்கு மேலே மரக்கட்டை

இதற்கு முன்னால் செய்ய வேண்டியதும் கொஞ்சநஞ்சமல்ல.

ரெண்டு பெட்டியிலும் ஆயிலை வடிக்க வேண்டும். முன்னும் பின்னும் ஓடும் பிரொப்பெல்லர் ஷாப்ட்டுகளை அவிழ்க்க வேண்டும். ஸ்பீடோமீட்டர் கேபிள், ஹேண்ட் பிரேக் கேபிள் எல்லாம் போக வேண்டும். இந்த ஜீப்பில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்பர் கேசின் பின்பக்கத்து டிரம்மில் இருக்கிறது. ஷாப்ட்டைக் கழற்றிய பிறகு ஹேண்ட் பிரேக்கை இழுத்தாலும் வண்டி நிற்காது! அதனால் நாலு சக்கரத்துக்கும் கட்டை வைக்காமல் அடியில் படுப்பது உயிரோடு விளையாடுவது.

ரெண்டு பெட்டியையும் சேர்த்தே இறக்குவதானால் நடுக் குறுக்குச் சட்டத்தையும் கழற்ற வேண்டும். அப்போது இஞ்சினுக்கு முட்டு வேண்டும். ஜாக்கியை ஆயில் சட்டிக்கு நேரே கொடுத்தால் சட்டி நசுங்கும். நடுவில் ஒரு மரக்கட்டை வைப்பார்கள்.

கியர் பெட்டியை வண்டியிலேயே விட்டுவிட்டு டிரான்ஸ்பர் கேசை மட்டும் இறக்கவும் வழி உண்டு. கிளட்ச் வேலை மிச்சம். ஆனால் மல்லாந்து படுத்துக்கொண்டு அந்த நட்டோடு மல்லுக்கட்ட வேண்டும். கழுத்து வலி இலவசம்.

தார் ரோட்டில் வேண்டாமுங்க!

பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் சிக்குவது நடு ஷாப்ட். டிரான்ஸ்பர் கேசுக்குள் நடுப் பல்சக்கரத்தைத் தாங்கும் தண்டு அது. ஊசி உருளைகள் தேய்ந்தால் தண்டிலே பள்ளம் விழும். வண்டி ஊளையிடும். தண்டின் ஓரமாக ஆயில் கசியும். தண்டு, உருளை, வாஷர் மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பாகம் கிடைக்காவிட்டால் உக்கடம் பக்கத்துப் பழைய சாமான் கடைகளில் தேடுவார்கள், இல்லையென்றால் கணபதி, பீளமேடு லேத் பட்டறை. பம்புசெட் செய்து பழகிய ஊருக்கு ஒரு தண்டு கடைவது பெரிய காரியமா?

கோளாறுக்கு ஓட்டுகிறவரும் காரணம். மழை பெய்த மண் பாதைக்கு உள்ளதே நாலு சக்கர ஓட்டம். காய்ந்த தார் ரோட்டில் அதைப் போட்டுக்கொண்டு திரும்பினால் முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு தூரம் போகும். அந்த வித்தியாசத்தை விட்டுக்கொடுக்க இந்தப் பெட்டிக்குள் வழியில்லை. பற்கள் முறுக்கேறும். கம்பி வெளியே வர மறுக்கும். "கம்பி புடிச்சுக்குச்சுங்க" என்று வருகிறவர்கள் கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்துப் பார்த்தாலே பல சமயம் விட்டுவிடும்.

ரூ.20 ஆயிரம் விவகாரம்

பழைய ஜீப்புக்கு இப்போது அந்தஸ்தும் கூடியிருக்கிறது. 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதலில் பதிவாகி 50 வருஷம் தாண்டிய வண்டியை 'விண்டேஜ்' என்று பதியலாம். விதியில் வைத்த புதுப் பதிவுக் கட்டணம் ரூ.20 ஆயிரம். மறுபதிவுக்கு ரூ.5 ஆயிரம். அப்படிப் பதிந்த வண்டியைத் தினசரி ஓட்டத்துக்கோ வாடகைக்கோ விடக் கூடாது. சேசிஸ், பாடி, இஞ்சின் ஆகியவற்றைப் பெரிதாக மாற்றியிருக்கவும் கூடாது. 'பழசு வேண்டாம், வேற எதையாவது மாட்டிக்கலாம்' என்று ஒரு காலத்தில் வெட்டி ஒட்டியவர்கள் இப்போது கையைப் பிசைகிறார்கள்.

பூட்டும்போது கவனிக்க வேண்டியது இன்னும் உண்டு. பழைய காட்டர் பின்னைத் திருப்பி மாட்டக் கூடாது, சில ரூபாய்ச் சாமான்தான். ரெண்டு பெட்டிக்கும் நடுவில் புது கேஸ்கெட் வேண்டும். ரெண்டிலும் தனித்தனியே ஆயில் ஊற்ற வேண்டும். ஒன்றில் ஊற்றிவிட்டு மற்றதை மறப்பவர்களும் உண்டு.

அதைவிட முக்கியம், கியர் பெட்டியின் மேல் மூடியைப் போடும் முன் உள்ளே கட்டிய கம்பியை அவிழ்த்துவிட்டோமா என்று பார்ப்பது!