வீட்டுச் செடிக்குக் குழல் விளக்கு

செடிக்கு வேண்டிய உணவு முழுவதும் மண்ணிலிருந்தே வருகிறது என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். வேர் உறிஞ்சித் தருவது நீரும் சில உப்புகளுமே. உணவைச் சமைப்பது இலை. அச்சமையலுக்கு அடுப்பாக இருப்பது ஒளி. அடுப்பு அணைந்த வீட்டில் அரிசியும் நீரும் இருந்து பயன் என்ன? இருண்ட அறையில் வைத்த செடிக்கு எருவும் நீரும் மேலும் மேலும் இடுவது அத்தகைய செயலே ஆகும்.

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை அடுத்து, உழைக்கும் குடும்பங்கள் பல சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் குடியிருக்கின்றன. முற்றம் இல்லை, ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர்தான் தெரியும். ஆயினும் ஒரு துளசியோ, ஒரு வெற்றிலைக் கொடியோ வளர்க்க வேண்டும் என்னும் ஆசை அவ்வீடுகளிலும் இருக்கிறது. முன்பு மாணவர்களாக இருந்து இன்று குடும்பத் தலைவர்களாக விளங்கும் சிலர், “ஐயா, டியூப் லைட் போட்டால் செடி வளருமா?” என்று என்னைக் கேட்பதுண்டு. வளரும். ஆனால், எந்த விளக்கு, எவ்வளவு அருகில், எவ்வளவு நேரம், எவ்வாறு இணைப்பது என்னும் நான்கையும் அறிந்து செய்தல் வேண்டும். நான்காவது உயிரைப் பற்றியது.

விளக்கொளியில் பயிர் வளர்ப்பது நம் நாட்டுக்குப் புதிதன்று. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக் கழகத்திலும் பிற இடங்களிலும் திசு வளர்ப்பு முறையில் வாழைக் கன்றுகளை உருவாக்குகிறார்கள். சிறு வாழைத் துண்டுகளைக் கண்ணாடிக் குப்பிகளில் இட்டு, அடுக்கடுக்கான தட்டுகளில் வைக்கிறார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் மேலே வெண்ணிறக் குழல் விளக்குகள் எரியும். இத்தகைய வளர்ப்பறைகளில் வெப்பம் 25 டிகிரி செல்சியஸ் அளவில் நிற்கும். நாளொன்றுக்கு 16 மணி நேரம் ஒளி, 8 மணி நேரம் இருள் என்பது வழக்கம். சூரியனைக் காணாத அறையிலேயே கன்று பசுமையாகத் துளிர்க்கிறது. பின்னர் நிழல்வலையின்கீழ் சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்கிய பிறகே அது வயலுக்குச் செல்கிறது.

அப்படியானால், நம் வீட்டுக் கூடத்தில் இரவெல்லாம் விளக்கு எரிந்தும் அங்குள்ள செடி வெளுத்து நெடுகுவது ஏன்? நம் கண் நம்மை ஏமாற்றுகிறது. மிகக் குறைந்த ஒளிக்கும் மிக நிறைந்த ஒளிக்கும் தன்னைச் சரிசெய்துகொள்ளும் ஆற்றல் கண்ணுக்கு உண்டு. இலைக்கு அவ்வளவு இல்லை. ஒளியின் செறிவை லக்ஸ் என்னும் அளவால் குறிப்பர். நடுப்பகல் வெயிலில் அது சுமார் ஒரு லட்சம் லக்ஸ். கூரையில் ஒரு குழல் விளக்கு எரியும் அறையில் நூறு, இருநூறு லக்ஸ் இருந்தாலே நாம் நன்றாகப் படித்துவிடுகிறோம். படிப்பதற்குப் போதும் ஒளி, செடிக்குப் பட்டினி ஒளி.

ஆகவே, விளக்கைக் கூரையிலிருந்து இறக்கிச் செடியின் அருகில் கொண்டுவர வேண்டும். நான்கடி நீளமுள்ள 36 வாட் குழல்கள் இரண்டை, வெண்ணிறத் தகடு பொருத்திய சட்டத்தில் மாட்டி, இலைக்கு மேலே ஓரடி உயரத்தில் தொங்கவிட்டால், சில ஆயிரம் லக்ஸ் ஒளி கிடைக்கும். சிறு பல்பின் ஒளி, தூரம் இரு மடங்கானால் நான்கில் ஒரு பங்காகக் குறையும் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். நீண்ட குழலுக்கு மிக அருகில் அந்தக் குறைவு ஏறக்குறைய பாதியளவே. எனினும், செடி வளர வளரச் சட்டத்தை உயர்த்துவதற்கு வசதியாகச் சங்கிலியில் தொங்கவிடுவதே நன்று. ஒளியை அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. இலை இருக்கும் உயரத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, அதற்கு ஒரு சாண் மேலே கையைப் பிடியுங்கள். நிழல் தெளிவாக விழுந்தால் நலம். மங்கலாக விழுந்தால் ஒளி குறைவு. விழவே இல்லையெனில் அவ்விடம் செடிக்கு ஆகாது.

இனி, குழலைத் தேர்ந்தெடுக்கும் வகை. பச்சையம் நீல ஒளியையும் செவ்வொளியையும் மிகுதியாக ஏற்கிறது. கடையில் ‘கூல் டேலைட்’ என்று 6500 கெல்வின் குறித்து விற்கும் குழலில் நீலம் மிகுதி; அது இலைச்செடிகளைக் குட்டையாகவும் உறுதியாகவும் வைக்கும். ‘வார்ம் ஒயிட்’ என்னும் 2700 அல்லது 3000 கெல்வின் குழலில் செம்மை மிகுதி. இரட்டைச் சட்டத்தில் ஒவ்வொன்றிலும் ஒன்று மாட்டினால் பெரும்பாலான வீட்டுச் செடிகளுக்குப் போதுமானது. ஊதா நிறத்தில் எரியும் விலையுயர்ந்த விளக்குத்தான் வேண்டும் என்பதில்லை.

எல்லாச் செடிகளும் இதனால் நிறைவடைவதில்லை. அகத்தி நிழலில் கொடிக்காலில் வளர்ந்து பழகிய வெற்றிலை, மணி பிளான்ட், புதினா, கொத்தமல்லி, கீரை நாற்று ஆகியவை குழலொளியில் தேறும். துளசியும் கறிவேப்பிலையும் வெயிலை விரும்புவன. அவற்றுக்கு மாடியிலோ வாசற்படியிலோ சில மணி நேர வெயில் கிடைத்தால் அதுவே சிறந்தது. நேரத்தைப் பொறுத்தவரை 12 முதல் 14 மணி போதும். செடிக்கும் இரவு வேண்டும். பகலிரவின் நீளத்தைப் பொறுத்துப் பூக்கும் செடிகள் உண்டு என்பதை அமெரிக்க அறிஞர்களான கார்னரும் அல்லார்டும் 1920-இல் வெளியிட்டனர். சாமந்தி அவ்வகையைச் சேர்ந்தது. இரவு முழுதும் விளக்கு எரிந்தால் அது பூப்பதைத் தள்ளிப்போடும்.

இப்போது மின் இணைப்புக்கு வருவோம். குழலின் உள்ளே சிறிதளவு பாதரச ஆவி இருக்கிறது. மின்சாரம் பாயும்போது அது புற ஊதாக் கதிரை வீசுகிறது. கண்ணாடியின் உட்புறம் பூசியுள்ள பொடி அக்கதிரை ஏற்று வெள்ளொளியாக மாற்றுகிறது. இம்மின்னோட்டம் கட்டுக்கடங்காது பெருகும் இயல்புடையது. அதைக் கட்டுப்படுத்துவதே சோக்கின் வேலை. பழைய முறையில் மின்சாரம் சுவிட்ச், சோக், குழலின் ஒரு முனையிலுள்ள இழை, ஸ்டார்ட்டர், மறுமுனை இழை என்னும் வரிசையில் செல்லும். ஸ்டார்ட்டர் இழைகளைச் சூடேற்றியபின் விலகும். அக்கணத்தில் சோக் தரும் உயர் அழுத்த உந்துதலால் குழல் எரியத் தொடங்கும். எலெக்ட்ரானிக் சோக்குக்கு ஸ்டார்ட்டர் தேவையில்லை, மின்னழுத்தம் தாழ்ந்தாலும் பெரும்பாலும் எரியும், சூடும் குறைவு.

சுவிட்ச் எப்போதும் பேஸ் கம்பியில்தான் இருத்தல் வேண்டும். அதை நியூட்ரலில் போட்டுவிட்டால் விளக்கு அணைந்திருக்கும். சட்டத்தினுள்ளோ 230 வோல்ட் காத்திருக்கும். அணைந்த விளக்கு என்று நம்பி, ஈரக்கையால் குழலைத் துடைக்கும் தாய்க்கோ குழந்தைக்கோ அதுவே எமனாகும். உலோகச் சட்டத்தை மூன்று முனைப் பிளக்கின் வழியாக எர்த்துடன் இணைப்பது கட்டாயம். செடிக்கு நீர் தெளிக்கும் இடமாதலால், நீர் புகாத மூடியுள்ள சட்டமே ஏற்றது. ஒயர், பிளக் பாயின்ட்டைவிடத் தாழ்வாக ஒருமுறை வளைந்து, பிறகு மேலேறிச் செல்லட்டும். வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். நீர் ஊற்றுமுன் பிளக்கைப் பிடுங்கிவிடுவது நல்ல பழக்கம். இணைப்பு வேலையை உரிமம் பெற்ற மின் பணியாளரிடமே விடுங்கள்.

குழல் உடைந்தால், ஜன்னல்களைத் திறந்துவிட்டுக் கால் மணி நேரம் வெளியே இருங்கள். துடைப்பத்தால் பெருக்காமல், கெட்டி அட்டையால் துண்டுகளை அள்ளி, ஈரத்துணியால் துடைத்து, மூடியுள்ள டப்பாவில் இடுங்கள். பழைய குழல்களைக் குப்பையில் எறியலாகாது. 2016-ஆம் ஆண்டு விதிகள் முதல் அவை மின்னணுக் கழிவில் சேர்ந்துள்ளன. இந்தப் பாதரசம் காரணமாகவே, மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023-இல் ஜெனீவாவில் கூடி, இவ்வகைக் குழல்களின் உற்பத்தியை 2027-க்குள் முடித்துக்கொள்ளத் தீர்மானித்தன. இந்தியா அவ்வுடன்படிக்கையை 2018-இல் ஏற்றுக்கொண்டது.

ஆகையால், புதிதாக வாங்குவோர் எல்.இ.டி. குழலையே வாங்கலாம். இரண்டு 36 வாட் குழல்களும் பழைய சோக்குகளும் சேர்ந்து ஏறக்குறைய 90 வாட் இழுக்கும். நாளைக்கு 12 மணி வீதம் மாதத்துக்குச் சுமார் 32 யூனிட். இரண்டு 20 வாட் எல்.இ.டி. குழல்களுக்கு 15 யூனிட்டுக்கும் குறைவு. ஆனால், பழைய சட்டத்தில் எல்.இ.டி. குழலை அப்படியே செருகிவிடக் கூடாது. சில வகைகளுக்குச் சோக்கையும் ஸ்டார்ட்டரையும் நீக்கிக் கம்பிகளை மாற்றியமைக்க வேண்டும். சில குழல்களில் ஒரு முனையைச் செருகியவுடன் மறுமுனை ஊசியில் மின்சாரம் வந்து நிற்கக்கூடும். எனவே, மெயினை அணைத்த பின்னரே மாட்டுக.

கையில் உள்ள பணம் ஒரே பொருளுக்குத்தான் போதும் என்னும் நிலையிலுள்ள நேயர்களுக்கு ஒன்று சொல்வேன். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கசிவுத் தடுப்பான் ஒன்று உங்கள் வீட்டு மீட்டர்ப் பெட்டியருகே இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இல்லையேல் முதலில் அதை வாங்கிப் பொருத்துங்கள். செடிக்கான விளக்கை அடுத்த மாதச் சம்பளத்தில் வாங்கிக்கொள்ளலாம்.