மலையிறங்கும் பாவித்த கார்

இலங்கையில் இரண்டு வகைக் கார்கள் பழைய கார்களாகக் கொள்ளப்படுகின்றன. ஜப்பானில் சில ஆண்டுகள் ஓடியபின் கப்பலேறி வந்து இங்கு முதன்முறையாகப் பதிவாகும் கார் ‘ரீகண்டிஷன்’ எனப்படுகிறது. இங்கேயே பதிவாகி ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறுவதையே மக்கள் வழக்கில் பாவித்த கார் என்பர். அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டமையால், ஏறக்குறைய 5 ஆண்டுகள் இந்த இரண்டாம் வகை மட்டுமே சந்தையில் இருந்தது. அக்காலத்தில் காரின் வயது கூடக்கூட விலையும் கூடியது. தடை நீங்கிய பின்னரும் சுங்கத் தீர்வை, உற்பத்தித் தீர்வை, 18 விழுக்காடு பெறுமதி சேர் வரி ஆகியவை ஒன்றின்மேல் ஒன்றாக ஏறுவதால், 15 அல்லது 20 ஆண்டுகள் ஓடிய கொரோலா, அலியன், பிரிமியோ, நிஸான் சனி போன்ற நடுத்தரக் குடும்பக் கார்களே பலருக்கு இன்றும் எட்டக்கூடியவையாக இருக்கின்றன.

கினிகத்தேனையிலிருந்து ஹட்டன் நோக்கி ஏறும் ஏ-7 வீதியில், வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் இடையில், தேயிலை மலைகளின் நடுவே ஒரு ரயில் நிலையத்தைச் சுற்றி அமைந்த சிற்றூர் றொசல்ல. தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்கூலி 2024 செப்டம்பரில்தான் 1350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்ட இப்பகுதியில், பல பத்து லட்சம் விலையுள்ள கார் தனியொருவரின் சம்பளத்தில் வாங்கக்கூடியதன்று. ஆசிரியர்கள், கடைக்காரர்கள், ஹயர் ஓட்டுபவர்கள், கொழும்பிலோ வெளிநாட்டிலோ பிள்ளைகள் உழைக்கும் குடும்பங்கள் ஆகியோரே பெரும்பாலும் வாங்குகின்றனர். அப்படி வாங்குபவர்களில் பலர் பார்க்கும் முதற் சோதனை, வண்டி நிறைய ஆளேற்றிக்கொண்டு ஏற்றத்தில் ‘இழுக்கிறதா’ என்பதே. சோதனை பிழையானதன்று, ஆனால் மலைநாட்டுக் காரின் குணம் ஏறும்போது தெரிவதைவிட இறங்கும்போதே அதிகம் தெரிகிறது.

ஏற்றத்தில் நிகழ்வது எளிதாக விளங்கக்கூடியது. உயரம் கூடக்கூடக் காற்று மெலிந்து எஞ்சினுக்குக் கிடைக்கும் ஒட்சிசன் குறைவதால், டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 1000 மீற்றருக்கும் தன் வலுவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை இழக்கிறது. 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் எந்த நல்ல எஞ்சினும் கொழும்பில் இழுத்ததுபோல் இழுக்காது. ஆகவே அங்கு சற்றுத் திணறும் காரைப் பழுதானது என ஒதுக்குவதும், எஞ்சின் மாற்ற வேண்டும் என்று சொல்பவரை உடனே நம்புவதும் அவசரமாகும்.

இறக்கத்தின் கணக்கு வேறு. ஐந்து பேரையும் சாமான்களையும் சேர்த்து 1500 கிலோகிராம் எடையுள்ள கார், றொசல்லயிலிருந்து களனி ஆற்றின் பள்ளத்தாக்கு வரை ஏறத்தாழ 1000 மீற்றர் கீழிறங்கும்போது வெளிவிடும் ஆற்றல், 20 பாகை வெப்பமுள்ள 40 லீற்றருக்கு மேற்பட்ட நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. காற்றுத் தடையும் சக்கர உராய்வும் இதில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ள, மிஞ்சுவதைப் பிறேக்கோ எஞ்சினோ ஏற்கவேண்டும். பிறேக் மிதியை ஓயாமல் அழுத்தியே இறங்கினால் தட்டும் பேடும் அளவு மீறிச் சூடேறி, மிதி கடினமாக இருந்தபோதிலும் பிடிப்பு குறைந்துவிடும். எரிந்த வாடை இதன் முதல் அறிகுறி. தாழ்ந்த கியரில் எஞ்சினின் எதிர்ப்பையே தடையாகப் பயன்படுத்தி இறங்குவது ‘எஞ்சின் பிறேக்’ எனப்படும். மலைவீதியில் பஸ்ஸும் கொழுந்து லொறியும் ஓட்டுபவர்களுக்கு இது பழகிய பாடம்.

கியர்பொக்ஸின் வகையைக் கேட்டு வாங்க வேண்டிய காரணமும் இதுவே. ஜப்பானில் 2000 முதல் 2006 வரை விற்கப்பட்ட, இங்கு ‘121’ என்றே அழைக்கப்படும் கொரோலாவின் ஓட்டோ கியர்பொக்ஸில் நான்கு கியர்கள் உண்டு. ஓவர் டிரைவை அணைத்து, தேவைப்படும்போது 2-க்கோ ‘எல்’ (L) நிலைக்கோ இறக்கினால் எஞ்சின் காரைப் பிடித்துக்கொள்ளும். 2007-க்குப் பிந்திய அலியன், பிரிமியோ கார்களில் பரவலாக உள்ள சீவீடீ என்பது, கியர்ப் பற்களுக்குப் பதிலாக இரண்டு கப்பிகளுக்கிடையே ஓடும் உருக்குப் பட்டியால் வேகத்தை மாற்றும் அமைப்பாகும்; அதற்குரிய எண்ணெயை உரிய காலத்தில் மாற்றாமல், அல்லது சாதாரண ஓட்டோ எண்ணெயை ஊற்றி ஓட்டிய கார் நீண்ட ஏற்றத்தில் முனகத் தொடங்கும். அதைக் கேட்ட பிறகும் வாங்க நினைப்பவர், கியர்பொக்ஸின் விலையையும் காரின் விலையோடு கூட்டிப் பார்க்கவேண்டும்.

கலப்பின வாகனமான எக்ஸியோ ஹைபிரிட்டில் இன்னொரு நுட்பம் உண்டு. இறக்கத்தில் மோட்டார் மின்பிறப்பாக்கியாக மாறி மின்கலத்தை நிரப்புவதால் பிறேக்கின் பாரம் குறைகிறது. ஆயினும் அம்மின்கலத்தின் முழுக் கொள்ளளவே ஒரு கிலோவாட் மணிக்குள் அடங்குவதாலும், மேற்கண்ட இறக்கம் நான்கு கிலோவாட் மணி அளவான ஆற்றலை வெளிவிடுவதாலும், பாதி வழிக்கு முன்னரே மின்கலம் நிறைந்து மேலும் ஏற்க மறுத்துவிடும். அதன்பின் ‘பீ’ (B) நிலையில் எஞ்சினைச் சுழற்றி இறங்குவதே முறை. இதை அறியாமல் ஹைபிரிட் தானாகவே பிடித்துக்கொள்ளும் என நம்பி ஓட்டப்பட்ட காரின் பிறேக் தட்டுகளில் நீலம் பாய்ந்திருப்பதைச் சக்கரத்தைக் கழற்றினால் காணலாம்.

பிறேக் எண்ணெய் பலர் மறந்துவிடும் பொருள். அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும் தன்மையுடையது. டொட் 3 எனும் தரமுள்ள எண்ணெய் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 140 வரை இறங்கலாம். டொட் 4 தரத்தில் இவை முறையே 230, 155. எண்ணெய் கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ்கள் உண்டாகி, மிதி பஞ்சுபோல் அமிழ்ந்து தரையைத் தொடும். ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் வட்டவளைப் பகுதிக்கு அருகில் வாழும் காருக்கு, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இந்த எண்ணெயை முழுதாக மாற்றுவது ஆடம்பரமன்று. செலவும் ஒரு டயரின் விலையைவிடக் குறைவு.

எஞ்சினைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 121-இல் பரவலாக உள்ள 1.5 லீற்றர் எஞ்சினில் டைமிங் செயின் இருப்பதால், பட்டி மாற்றும் கவலை இல்லை. அதற்கு முந்திய ‘110’ கொரோலாவில் ரப்பர் பட்டியே உண்டு என்பதால், அது கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்பதைக் கேட்டறிய வேண்டும். ரேடியேட்டரில் கூலன்ட் இல்லாமல் பீலித் தண்ணீர் மட்டும் நின்றால் உள்ளே துரு பிடித்திருக்கும். சூடேறுகிறது என்று தேர்மோஸ்டட்டைக் கழற்றி எறிந்துவிடும் கராஜ் வைத்தியமும் உண்டு; ஹட்டன் குளிரில் அத்தகைய எஞ்சின் உரிய வெப்பத்தை எட்டாமலே ஓடிப் பெற்றோலைக் குடிக்கும்.

கார் எந்த வீதியில் வாழ்ந்தது என்பது அது எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்பதைவிட முக்கியமானது. மானியைப் பின்னோக்கித் திருப்பலாம். தோட்டத்துக் கல்பாதையில் தேய்ந்த புஷ், கிழிந்த பூட் ரப்பர், எண்ணெய் கசியும் ஷொக் அப்சோபர் ஆகியவற்றை மறைப்பது அவ்வளவு எளிதன்று. நீர்கொழும்புக் கரையோரக் காரின் குறை உப்புக்காற்றுத் துரு. மேட்டிலிருந்து வந்த காரின் குறை அடிப்பாகத் தேய்மானம். இவையிரண்டையும்விட அஞ்சத்தக்கது வெள்ளத்தில் நின்ற கார். 2016 மே மாதத்தில் களனி ஆறு பெருகியபோதும், 2025 நவம்பரில் டித்வா புயலின்போதும் பெரும் நிலப்பரப்பு நீரில் மூழ்கியதால், டிக்கியின் அடியில் உதிரிச் சக்கரம் இருக்கும் குழியிலும், இருக்கைத் தண்டவாளங்களிலும், இருக்கைப் பட்டியை முழுதாக இழுத்தால் வெளிவரும் கடைசி முழத்திலும் சேற்றுக்கோடு உள்ளதா எனப் பார்ப்பது அவசியம். மெருகூட்டுபவர்கள் பட்டியின் அந்த முழத்தைக் கழுவ மறந்துவிடுவர்.

பத்திரங்களில் மிகுந்த கவனம் தேவைப்படுவது ‘ஓப்பன் பேப்பர்’ வழக்கமாகும். விற்பவர் உரிமைமாற்றப் படிவத்தில் கையொப்பமிட்டுத் திகதியில்லாமல் கொடுக்க, வாங்குபவர் பெயர் மாற்றாமலே ஓட்டி, மூன்றாமவருக்கு அப்படியே கைமாற்றுவது இது. பெயர் மாற்றத்துக்குச் சட்டம் தருவது 14 நாட்கள். 2022-இல் எரிபொருளுக்குக் கியூஆர் அட்டை பெற வாகன இலக்கத்தோடு சேசிஸ் இலக்கத்தையும் பதிய வேண்டியிருந்தபோது, பதிவுச் சான்றிதழ் சீராக இருப்பதன் பெறுமதி பலருக்கு விளங்கியது. லீசிங் தீராத காரின் சான்றிதழில் கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் இருக்கும். உற்பத்தி ஆண்டும் முதற்பதிவு ஆண்டும் தனித்தனியாக இருப்பதால், விலை பேசவேண்டியது முந்தியதை வைத்தே. இவற்றோடு ஆண்டுதோறும் பெறவேண்டிய புகைச் சான்றிதழும், அதைக் காட்டிப் பிரதேச செயலகத்தில் பெறும் வருமான அனுமதிப்பத்திரமும் நடப்பில் உள்ளனவா என்பதும் பார்க்கப்படவேண்டும்.

கொரோலா பெறும் மதிப்பில் ஒரு பங்கு பஞ்சிகாவத்தையுடையது. கொழும்பின் அந்த உதிரிப்பாகத் தெருவில் கிடைக்காத கொரோலாப் பாகம் அரிது என்பதால், ஹட்டன் கராஜ் பாஸ் ஒருவர் தொலைபேசியில் சொன்னது பஸ்ஸில் வந்துசேரும். அழகுக்காக வாங்கிய அரிய மொடலுக்கு அந்த வசதி இல்லை.

சரிவான முற்றத்தில் காரை நிறுத்தும் முறையையும் வாங்கிய முதல் நாளே பழகவேண்டும். ஓட்டோ காரை நிறுத்தற் கியரான ‘பீ’யில் (P) போட்டுவிட்டு இறங்கினால் முழுப் பாரத்தையும் கியர்பொக்ஸினுள் இருக்கும் சிறு கொக்கியொன்றே தாங்குகிறது. ஆகவே முதலில் ஹான்ட் பிறேக், பிறகு ‘பீ’, சக்கரங்கள் மண்மேட்டை நோக்கித் திரும்பியிருத்தல், பின் டயருக்கு ஒரு கல் என்பதே ஒழுங்கு. மாலையில் எடுக்கும்போது அந்தக் கல்லை வீதியிலேயே விட்டுச் செல்பவர்களும் உண்டு. அடுத்து மூடுபனியில் வரும் திரீவீலர்காரர் அதன்மேல்தான் ஏறுவார்.