வானொலி உடுத்தொகுதிகளின் நடுவில் எக்சுக் கதிர் பிறக்குமிடம்

சிக்னசு என்னும் உடுக்கூட்டத்தின் திசையிலே, ஏறக்குறைய 76 கோடி ஒளியாண்டுத் தொலைவில், சிக்னசு-ஏ எனும் உடுத்தொகுதி உளது. வானொலி அலைகளைப் பெருமளவிற் சொரிவதால் இத்தகையன வானொலி உடுத்தொகுதிகள் எனப்படும். அவற்றின் நடுவிலே பெருங் கருந்துளை ஒன்று உண்டென்பதும், அதனருகிலிருந்து எதிரெதிர்த் திசைகளில் இரு தாரைகள் ஒளியின் வேகத்தை அணுகிப் பாய்கின்றன என்பதும் இன்று ஒப்புக்கொள்ளப்பட்டவை. வழக்காயிருந்தது வேறொன்று: அந்நடுவிடத்திலிருந்து வரும் எக்சுக் கதிர்கள் எதிலிருந்து பிறக்கின்றன?

இதற்கு இரு விடைகள் கூறப்பட்டன. கருந்துளையை நோக்கி வீழும் வாயு சுழன்று தட்டாகி வெப்பமேறும். அத்தட்டின் ஒளியை அதன் மேலுள்ள மிகச் சூடான இலத்திரன்கள் மோதி எக்சுக் கதிராக உயர்த்தும் என்பது ஒன்று. தாரையினுள்ளே காந்தமண்டலத்தில் விரையும் இலத்திரன்களே வானொலி அலையோடு எக்சுக் கதிரையும் வீசும் என்பது மற்றையது. இவற்றுள் எதுவென அறியாது, கதிரின் அளவைக் கொண்டு கருந்துளையில் வீழும் வாயுவைக் கணித்தல், அடுப்பின் வெப்பத்தை அயலிலுள்ள விளக்கைக் கொண்டு அளப்பது போலாம்.

நேரே பிரித்துக் காணல் இயலாது. சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் பூண்டு 1999 இல் விண்ணுக்கு அனுப்பப்பட்ட சந்திரா தொலைநோக்கிக்கும் அந்நடுவிடம் ஒரு புள்ளியே. எனினும் இயற்கையே அங்கு ஒரு வடிகட்டியை வைத்துள்ளது. தட்டைச் சூழத் தூசியும் வாயுவும் செறிந்த தடித்த வளையம் ஒன்றுண்டு. பக்கவாட்டில் நோக்கும் எமக்கு, தட்டினருகே பிறக்கும் மென்கதிர்களை அது விழுங்கிவிடும். வன்கதிர்களே ஊடுருவி வரும்.

சிக்னசு-ஏ இல் அவ்வாறு திரை கடந்த வன்கதிர்கள் காணப்படுகின்றன. அவற்றோடு 6400 இலத்திரன் உவோற்றுச் சத்தியளவில், கதிர்பட்ட குளிர்வாயுவின் இரும்பணுக்கள் வீசும் கோடும் தோன்றுகின்றது. ஆகவே தட்டு உண்டென்பது தெளிவு. ஆயினும் இவ்வகைத் தொகுதிகள் பலவற்றில், விழுங்கப்பட்டிருக்க வேண்டிய மென்கதிரும் வந்து சேர்கின்றது! அதன் வலிமை நடுவிடத்தின் வானொலி வலிமையைத் தொடர்ந்தே கூடியும் குறைந்தும் நிற்கின்றது. அதன் பெரும்பகுதி திரைக்கு அப்பால், தாரையின் அடியிற் பிறந்ததென்று கொள்வதே பொருத்தமாம்.

எம்-87 என்பதோ வேறுவகையினது. 5.5 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள அதன் தாரையை 1918 இல் கேட்டிசு என்பவர் நேரிய கீற்றாகக் கண்டார். 650 கோடி ஞாயிறுகளின் திணிவுடைய அதன் கருந்துளையின் நிழற்படம் 2019 இல் வெளிவந்தது. இங்கே தடித்த திரையுமில்லை, திரைக்குப்பின் மறைந்த வலிய தட்டுமில்லை. வீழும் வாயு மிக மெலிந்தது. ஆதலின் இதன் எக்சுக் கதிரில் தாரையின் பங்கு எவ்வளவு, அம்மெலிந்த வாயுவின் பங்கு எவ்வளவு என்பதே அறிஞரிடை எஞ்சியுள்ள வழக்கு.